புரிந்ததாக நினைத்த நான்கு சொற்கள்

1

போன வாரம் என் சொந்த ஊர் சாரத்திலிருந்து ஜெயந்தி போன் பண்ணினாள். பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். அவள் தங்கை ரம்யாவுக்கு டென்மார்க்கில் வேலை பார்க்கும் பையனோடு கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது.

"அந்த ஊர் பாஷை ரொம்பக் கஷ்டமாடி? இங்க பிரெஞ்சு கத்துக்குடுக்க தெருவுக்குத் தெரு ஆள் இருக்கு. டேனிஷுக்கு ஒருத்தரயும் காணோம். எங்கேர்ந்து ஆரம்பிக்கணும், இன்னா புக்கு வாங்கணும், நீயே சொல்லு."

நான் ஒரு புத்தகத்தின் பெயரைச் சொன்னேன். அதோடு ஒரு சிடி வரும், தினமும் அரை மணி நேரம் கேட்கச் சொல் என்றேன்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

போனை வைத்த பிறகு மனசு கேட்கவில்லை. அந்தப் புத்தகமும் சிடியும் என்னிடமும் இருந்தன. அவற்றை வைத்துக்கொண்டு நான் பட்ட பாட்டை அவளிடம் சொல்லவில்லை. கல்யாண வீட்டில் உட்கார்ந்துகொண்டு கேட்கிற கதையும் இல்லை அது. அதனால் இங்கே எழுதுகிறேன். ரம்யா இந்த ஊருக்கு வந்து சேர்ந்த பிறகு படிக்கட்டும்.

என் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்தவர். அந்தச் சிப்பாய் உத்தியோகத்தால் எங்கள் வீட்டில் பிறந்த எல்லோருக்கும் பிரெஞ்சு பாஸ்போர்ட். பெயர்களும் அப்படியே. நான் மதலேன், என் மகள் செலின். பாஸ்போர்ட்டையும் பெயரையும் விட்டால் பிரெஞ்சு என்று எங்களிடம் வேறொன்றும் கிடையாது. அப்பா பஞ்சாலையில் வேலை பார்த்தார். நான் படித்தது தமிழ் மீடியம். என் இங்கிலீஷ், பஸ் போர்டு படிக்கிற அளவுக்கு உள்ள இங்கிலீஷ்.

என் கணவர் ஆரோக்கியம் வெல்டர். அவரோடு ஐ.டி.ஐ. படித்த ஒருவர் டென்மார்க்கில் காற்றாலைக் கோபுரம் செய்யும் இடத்தில் இருந்தார். "உன் சம்சாரம் பாஸ்போர்ட்ட வச்சு இங்கயும் வேல பாக்கலாம், உனக்கின்னாடா கவலை, வா" என்று கூப்பிட்டார். கைக்குழந்தையாக இருந்த செலின் நடந்து ஓடிப் பேச ஆரம்பித்த நேரம். மூன்று பேரும் ஜட்லாந்துப் பக்கம் ஒரு சின்ன ஊரில் வந்து இறங்கினோம். ஆறு வருஷம் ஆகிவிட்டது.

2

வந்த புதிதில் எனக்கு எல்லாவற்றைவிடவும் பயம் போன்தான்.

எதிரில் ஒரு ஆள் நின்று பேசினால் சமாளித்துவிடலாம். முகத்தைப் பார்க்கலாம், கை எங்கே நீட்டுகிறது என்று பார்க்கலாம். சிரித்தால் சிரிக்கலாம். போனில் வெறும் சத்தம்தான் வரும். டேனிஷ்காரர்கள் எழுதுவது ஒன்று, சொல்வது ஒன்று. எழுத்தில் பாதியை விழுங்கிவிடுவார்கள். பல் டாக்டர் மரத்துப்போக ஊசி போட்ட பிறகு பேசுவோமே, அந்த மாதிரி இருக்கும் கேட்பதற்கு.

வாரத்தில் இரண்டு சாயங்காலம் வகுப்பு. கிர்ஸ்டன் என்ற டீச்சர். பெயர், ஊர், வயது, கல்யாணமாகிவிட்டதா என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டு அறையைச் சுற்றி வர வேண்டும். "யாய் எர் கிஃப்ட்" என்றால் "நான் கல்யாணமானவள்". பரிசு என்று நாம் நினைக்கும் சொல் இங்கே கல்யாணம் என்று சிரித்துக்கொண்டேன். முதல் பாடத்திலேயே இன்னொரு வரியும் இருந்தது. "யாய் ஃபோஸ்டோ இகெ." எனக்குப் புரியவில்லை என்று அர்த்தம். அதை நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேனே தவிர, ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது. மூன்றரை வயது செலின் அவர்களோடு கிளி மாதிரி பேசுகிறாள். அவள் அம்மா புரியவில்லை என்பதா?

செலின் போன பாலர் பள்ளியில் இங்கர் என்று ஒரு டீச்சரம்மா. அறுபதை நெருங்கியவர். அவருக்கு இங்கிலீஷ் வராது, ஜெர்மன்தான் வரும். தினமும் காலையில் குழந்தையை விடும்போது என்னிடம் நாலு வாக்கியம் சொல்வார். நான் "யா, யா" என்று தலையாட்டி, "தாக்" என்று நன்றி சொல்லிவிட்டு வேகமாக வெளியே வந்துவிடுவேன். எனக்கு எல்லாம் புரிகிறது என்றுதான் அவர் நினைத்திருப்பார். அப்படி நினைக்க வேண்டும் என்றுதான் நானும் தலையாட்டினேன்.

இலையெல்லாம் மஞ்சளாகி உதிர ஆரம்பித்த மாதம். ஒருநாள் காலை பதினொரு மணிக்கு வீட்டு போன் அடித்தது. ஆரோக்கியம் விடிவதற்கு முன்பே வேலைக்குப் போய்விட்டார். நான்தான் எடுக்க வேண்டும்.

இங்கரின் குரல். வழக்கத்தைவிட வேகமாகப் பேசினார். அந்த வெள்ளத்தில் நான் நாலு சொல்லைப் பிடித்தேன். ஸ்பீஸ்த், சாப்பிட்டாள். சரி, செலின் சாப்பிட்டுவிட்டாள். அடுத்து, தாக். நன்றி சொல்கிறார். பிறகு கிஃப்ட் மாதிரி ஒன்று. ஏதோ ஃபாரம் நிரப்புகிறார்கள் போலிருக்கிறது, கல்யாணமானவளா என்று கேட்கிறார். கடைசியில் "கொம்மர் டு?" வருவாயா? தினமும் மூன்று மணிக்குத்தானே வருகிறேன்.

"யா, யா. தாக்" என்றேன்.

அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டது.

எனக்கு ஒரே சந்தோஷம். முதல்முறையாக ஒரு போனை முழுசாகப் பேசி முடித்துவிட்டேன். சாயங்காலம் ஆரோக்கியத்திடம் பெருமையடித்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்துக்கொண்டே துணி மடித்தேன். அரை மணி கழித்து மறுபடி போன் அடித்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொரு தடவை. ஒன்றைச் சமாளித்தாயிற்று, இன்னொன்றுக்குத் தெம்பில்லை என்று இரண்டு தடவையும் எடுக்கவில்லை. நின்றுபோகும்வரை போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

3

மூன்று மணிக்குப் பாலர் பள்ளிக்குப் போனேன். ஒவ்வொரு குழந்தைக்கும் சுவரில் ஒரு கொக்கி உண்டு. செலினுடைய கொக்கி காலியாக இருந்தது. அவளுடைய மழைக்கோட்டு இல்லை. பூட்ஸ் இல்லை. விளையாடுகிற இடத்தில் எல்லாக் குழந்தைகளும் இருந்தார்கள். அவள் இல்லை.

அங்கே வேலை பார்க்கும் மெட்டெ என்ற இளம்பெண் என்னைப் பார்த்ததும் ஓடிவந்தாள். அவள் முகத்தில் கோபமா ஆச்சரியமா என்று தெரியவில்லை. டேனிஷில் ஏதோ சொன்னாள். நான் "செலின்? செலின்?" என்றேன். அவள் இங்கிலீஷுக்கு மாறினாள். அதில் ஒரு சொல்தான் எனக்கு விழுந்தது. ஹாஸ்பிடல்.

தமிழில்தான் கத்தினேன். "என் புள்ளைக்கு இன்னாச்சு? இன்னாச்சு, சொல்லும்மா!"

அவள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தன் காரில் உட்கார வைத்தாள். ஆஸ்பத்திரி பக்கத்து டவுனில் இருக்கிறது. வழியெல்லாம் எனக்குப் புரியவைக்கப் பார்த்தாள். விரலால் சின்ன உருண்டை காட்டினாள். சிவப்பு நிறத்துக்குத் தன் மப்ளரைத் தொட்டுக் காட்டினாள். வாயில் போடுவது மாதிரி செய்தாள். பிறகு "கிஃப்ட், கிஃப்ட்" என்றாள்.

"யா, யாய் எர் கிஃப்ட்" என்றேன் நான். அழுதுகொண்டே சொன்னேன். குழந்தை ஆஸ்பத்திரியில் இருக்கும்போது இவள் ஏன் கல்யாணத்தைக் கேட்கிறாள்?

மெட்டெ என்னைத் திரும்பிப் பார்த்தாள். காரை ஓரமாக நிறுத்தினாள். என் பக்கத்துக் கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. அதில் விரலால் ஒரு வட்டம் போட்டாள். வட்டத்துக்குள் இரண்டு கண். கீழே குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோடு.

சாரத்தில் எங்கள் தெருமுனை டிரான்ஸ்பார்மரில் அந்தப் படம் போட்ட தகரப் பலகை தொங்கும். மண்டை ஓடும் எலும்பும். அதைப் படிக்க எந்தப் பாஷையும் வேண்டாம்.

கிஃப்ட் என்றால் கல்யாணம் மட்டுமில்லை, விஷமும்தான் என்று அன்றைக்கு அந்தக் கார்க் கண்ணாடியில் தெரிந்துகொண்டேன். இரண்டுக்கும் ஒரே எழுத்து, ஒரே சத்தம்.

நடந்ததைப் பிறகு தெரிந்துகொண்டேன். குழந்தைகளைப் பக்கத்துப் பூங்காவுக்கு நடத்திக் கூட்டிப்போயிருக்கிறார்கள். அங்கே ஊசி இலை வேலி ஒன்று. அதில் மணி மணியாகச் சிவப்புப் பழம். அந்தச் செடியின் பெயர் தாக்ஸ். நன்றி சொல்கிறார் என்று நான் நினைத்தது அதைத்தான். பழத்தின் சதை ஒன்றும் செய்யாதாம். உள்ளே இருக்கும் கொட்டையை மென்று விழுங்கினால் அது இதயத்தை நிறுத்திவிடும். "செலின் தாக்ஸ் சாப்பிட்டுவிட்டாள், அது விஷம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறோம், வருகிறாயா?" என்று இங்கர் கேட்டிருக்கிறார். நான் ஆமாம், ஆமாம், நன்றி என்று சொல்லி நாலு மணி நேரம் துணி மடித்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் செலின் உட்கார்ந்திருந்தாள். நெஞ்சில் நாலைந்து ஒயர் ஒட்டியிருந்தது. ஐஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இங்கர், அவளுடைய இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டு. என்னைப் பார்த்ததும் இங்கர் எழுந்து நின்றார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

நான் குழந்தையைக் கட்டிக்கொண்டேன். "அந்தச் செவப்புப் பழத்த முழுங்கினியா? சொல்லு, முழுங்கினியா?"

"கொட்டயத் துப்பிட்டேம்மா. கசப்பா இருந்துச்சு."

டாக்டருக்கு அது நிச்சயமாகத் தெரியாது. அதனால்தான் ஒயர்கள். ராத்திரிவரை பார்த்துவிட்டுத்தான் விடுவார்கள்.

"ஏம்மா நீ வரல?" என்றாள் செலின். "இங்கர் நீ வருவேன்னு சொன்னாங்க. நான் பாங்கெ."

"இன்னா பாங்கெ?"

"பாங்கெம்மா. பாங்கெ." அவளுக்கு வேறு மாதிரி சொல்லத் தெரியவில்லை. நர்ஸ் ஒரு ஒயரைப் பிய்த்தபோது அவள் வீறிட்டது என்னைக் கூப்பிட்டு இல்லை. "இங்கர்!" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் அகராதியில் பார்த்தேன். பாங்கெ, பயந்துபோன. என் மகள் பயப்படுவதற்கு ஒரு சொல்லைக் கற்றுக்கொண்டிருக்கிறாள். அது நான் கொடுத்த சொல் இல்லை.

4

பத்து நாள் கழித்து நகராட்சியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஜன்னல் வைத்த உறை. சாப்பாட்டு மேஜையில் அகராதியை வைத்துக்கொண்டு நானும் ஆரோக்கியமும் ஒவ்வொரு சொல்லாகத் தேடினோம். "கவலை" என்று ஒரு சொல். "குழந்தையின் நலன்" என்று ஒன்று. தகவல் தெரிவிக்கப்பட்டும் தாய் வரவில்லை என்று ஒரு வரி. அடுத்த வாரம் பேச வரச் சொல்லியிருந்தார்கள்.

ஆரோக்கியம் கூட வேலை செய்கிறவர்களிடம் கேட்டுக்கொண்டு வந்தார். வந்தவர் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"இங்க பாரு, இந்த ஊர்ல புள்ளைய ஒழுங்கா பாத்துக்கலன்னா எடுத்துட்டுப் போயிடுவாங்களாம். வேற வீட்டுல வளக்கக் குடுத்துடுவாங்களாம்."

"யாரு சொன்னா?"

"எல்லாரும்தான் சொல்றாங்க. பேசாம ஊருக்குப் போயிடலாம். வெல்டிங் அங்கயும் இருக்கு."

பெட்டியை மேலிருந்து இறக்கினோம். இரண்டு நாள் அது திறந்தபடி கிடந்தது. செலினின் ஸ்வெட்டர்களை அதில் வைத்தேன், எடுத்தேன். பாலர் பள்ளிக்கு அனுப்பினால் அங்கிருந்தே கூட்டிப்போய்விடுவார்களோ என்று ஒருநாள் அனுப்பவில்லை. அனுப்பாவிட்டால் அதையும் எழுதிக்கொள்வார்களோ என்று மறுநாள் அனுப்பினேன். அம்மா சாரத்திலிருந்து பேசினாள். "கொழந்த நல்லா இருக்காளா?" "இருக்காம்மா." "கொரலு ஏன் ஒரு மாதிரி இருக்கு?" "குளிரும்மா" என்றேன்.

அந்த வாரம் முழுக்க எனக்கு அப்பாவின் ஞாபகம்தான். தாத்தா பென்ஷனுக்காக வருஷத்துக்கு ஒரு தரம் அப்பா பிரெஞ்சு கான்சுலேட்டுக்குப் போவார். தாத்தா உயிரோடு இருக்கிறார் என்று எழுதி வாங்க வேண்டும். ஒரு வருஷம் என்னையும் கூட்டிப் போனார். அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி கேட்டதற்கெல்லாம் "உய் முசியே, உய் முசியே" என்று தலையாட்டினார். ஆமாம் ஐயா, ஆமாம் ஐயா. கடைசிக் கேள்விக்கும் உய். "பெரியவர் இறந்துவிட்டாரா" என்பதுதான் அந்தக் கேள்வி. படுத்த படுக்கையாக இருந்த தாத்தாவை இரண்டு நாள் கழித்து சைக்கிள் ரிக்‌ஷாவில் தலையணை அடுக்கி உட்கார வைத்து, கான்சுலேட் வாசலில் கொண்டுபோய்க் காட்ட வேண்டியிருந்தது. வீட்டில் ரொம்ப நாள் சொல்லிச் சிரித்தோம். அப்பா மட்டும் சிரித்ததில்லை. அந்தக் கண்ணாடிக்கு முன்னால் அவர் எவ்வளவு பயந்திருப்பார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பேச்சு நடந்த அறையில் ஒரு வட்ட மேஜை. நகராட்சியின் அதிகாரி அம்மாள் ஒருவர், இங்கர், நான். ஆரோக்கியத்துக்கு அன்று லீவு கிடைக்கவில்லை. மேஜை நடுவில் ஒரு போன். அதிகாரி ஒரு பொத்தானை அழுத்தினார். போனிலிருந்து ஒரு ஆண் குரல் வந்தது.

"போன்ழூர் மதாம்."

என் பெயரையும் பாஸ்போர்ட்டையும் பார்த்துவிட்டு எனக்காகப் பிரெஞ்சு மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்திருக்கிறார்கள்.

அவர் மரியாதையாக, நீளமாக ஏதோ கேட்டார். ஒரு சொல்கூடப் புரியவில்லை. தொண்டைவரை "உய்" வந்துவிட்டது. எதற்கு உய்? குழந்தையைக் கவனிக்காமல் விட்டாயா என்று கேட்டிருந்தால்? உன்னால் வளர்க்க முடியாதா என்று கேட்டிருந்தால்? வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். அறையில் எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

பிறகு, எட்டு மாதமாகச் சொல்லாத அந்த வரியைச் சொன்னேன்.

"யாய் ஃபோஸ்டோ இகெ."

அதிகாரி தன் காகிதத்தைப் பார்த்தார். "நீங்கள் பிரெஞ்சுக்காரர்தானே?" என்று நிறுத்தி நிறுத்திக் கேட்டார்.

எனக்குத் தெரிந்த டேனிஷைக் கூட்டினேன். "பாஸ்போர்ட் பிரெஞ்சு. வாய் தமிழ்."

போனில் இருந்தவர் மெதுவாக ஏதோ சொல்லி விடைபெற்றார். தமிழ் மொழிபெயர்ப்பாளரை வைத்து இன்னொரு நாள் பேசலாம் என்று அதிகாரி காலண்டரை எடுத்தார். இலங்கைத் தமிழர்கள் இந்த நாட்டில் நிறைய இருக்கிறார்கள், ஆள் கிடைக்கும். அது நல்ல யோசனைதான். ஆனால் இன்னொரு வாரம் அந்தத் திறந்த பெட்டியோடு வீட்டில் இருக்க என்னால் முடியாது. நான் கையை நீட்டி அவர் காலண்டரின் மேல் வைத்தேன். அப்படிச் செய்யலாமா என்றெல்லாம் யோசிக்கவில்லை.

"இப்போது" என்றேன். "நான் சொல்லுகிறேன்."

எனக்கு இருந்தது மொத்தம் நூறு சொல். இறந்தகாலம் தெரியாது. எல்லாம் இப்போது நடப்பதைப் போல்தான் சொன்னேன். "போன் வருது. இங்கர் பேசுது. நான் கேட்குது, ஸ்பீஸ்த். நல்லது, செலின் சாப்பிடுது. நான் கேட்குது, தாக். நான் சொல்லுது, தாக். நான் கேட்குது, கிஃப்ட். யா, நான் கிஃப்ட், என் புருஷன் ஆரோக்கியம். நீ வருது? யா, மூணு மணி வருது. மறுபடி போன். நான் எடுக்கல. இன்னொரு தரம் போன். நான் எடுக்கல." இங்கே நின்றுபோனேன். அடுத்த சொல்லை என் மகளிடமிருந்துதான் எடுத்தேன். "நான் பாங்கெ. போன் பாங்கெ. எப்பவும் பாங்கெ."

இங்கர் உதடு அசைந்தது. "தாக்ஸ்" என்றார். பிறகு "தாக்" என்றார். இரண்டையும் மாற்றி மாற்றித் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். அப்புறம் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அவர் அழுகிறார் என்று தெரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. குழந்தை விஷம் தின்றிருக்கிறது என்று சொன்னதற்கு நன்றி சொல்லிவிட்டு வராமலே இருந்த ஒரு தாயை அவர் பத்துப் பதினைந்து நாளாக மனசில் சுமந்திருக்கிறார். அவரும் பயந்துதான் போயிருக்கிறார், என்னைப் பார்த்து.

அதிகாரி எதையோ எழுதினார். நிறைய எழுதினார். முடிவைக் கடிதத்தில் சொல்வோம் என்றார். அந்தக் கடிதம் வர ஐந்து வாரம் ஆனது. ஐந்து வாரமும் தபால் பெட்டி மூடி சத்தம் கேட்டால் ஓடிப்போய்ப் பார்ப்பேன். கடைசியில் வந்தது. விசாரணை முடிந்தது, மேற்கொண்டு நடவடிக்கை இல்லை, இனிமேல் முக்கியமான பேச்சுகளுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று எழுதியிருந்தது. அந்தக் கடிதத்தை நானே படித்தேன். அகராதியில் பதினோரு சொல்தான் பார்க்க வேண்டியிருந்தது. ஆரோக்கியம் பெட்டியைத் தூக்கி மேலே வைத்தார்.

5

நகராட்சியில் பேசிவிட்டு வந்த மறுநாள் காலையைப் பற்றியும் எழுதிவிடுகிறேன்.

செலினைக் கூட்டிக்கொண்டு பாலர் பள்ளிக்குப் போனேன். வாசலிலேயே இங்கர் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். அவர் முகம் தீவிரமாக இருந்தது. தலை தானாக ஆடப் பார்த்தது. அதை நிறுத்தினேன்.

"யாய் ஃபோஸ்டோ இகெ" என்றேன்.

அவர் மறுபடி சொன்னார், மெதுவாக. புரியவில்லை என்றேன். வேறு சொற்களில் சொன்னார். புரியவில்லை என்றேன். மற்ற தாய்மார்கள் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். செலினுக்கு அவமானமாகிவிட்டது. "அம்மா, போதும்மா" என்று கையை உதறிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே ஓடினாள். நான் கூப்பிடவில்லை. நாலாவது தடவை. ஐந்தாவது தடவை. இங்கர் சலித்துக்கொள்ளவில்லை. நானும் அசையவில்லை.

ஏழாவது தடவை அவர் உள்ளே போய்க் கொக்கியின் கீழிருந்து செலினுடைய பழைய பூட்ஸை எடுத்து வந்தார். தலைகீழாகக் கவிழ்த்தார். கலங்கல் தண்ணீர் கொட்டியது. அடியில் ஒரு ஓட்டை இருந்தது. அதில் தன் சுண்டுவிரலை விட்டு ஆட்டிக் காட்டினார்.

"நூ ஃபோஸ்டோ யாய்" என்றேன். இப்போது புரிகிறது.

அன்று மத்தியானமே டவுனுக்குப் போய்ப் புது பூட்ஸ் வாங்கினேன். அடுத்த வருஷத்துக்கும் ஆகட்டும் என்று ஒரு சைஸ் பெரிதாக.